ஆஸ்பத்திரிக்குப் போன மீன்

இலங்கைக்குப் போய்விட்டு வந்தேன் என்றதும் பள்ளிக்கூடத்தில் சக ஆசிரியைகள் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "டீத்தூள் வாங்கிட்டு வந்தீங்களா?" கொண்டு வந்தேன். அரைக் கிலோ. அலமாரியில் இருக்கிறது. இன்னும் பிரிக்கவில்லை. ஏன் பிரிக்கவில்லை என்று சொல்ல ஆரம்பித்தால் ஒரு மீனைப் பற்றிச் சொல்ல வேண்டிவரும். அதை ஸ்டாஃப் ரூமில் நின்றுகொண்டு சொல்ல முடியாது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

போனது ஒரு பெயர் சூட்டு விழாவுக்கு. என் அக்கா மகள் செல்வி மஸ்கெலியாவில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அவள் கணவர் யோகராஜ் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிற்சாலையில் டீமேக்கர். கொழுந்து உள்ளே வந்ததிலிருந்து தூளாகி வெளியே போகும்வரை அதற்கு அவர்தான் அப்பா, அம்மா எல்லாம். முதல் குழந்தை, பெண். அக்காவுக்கு முழங்கால் வலி. கொலுசையும் வெள்ளி அரைஞாணையும் என் கையில் கொடுத்து அனுப்பிவிட்டாள். கூட வந்தது என் ஒரே மகள் மது. பத்தொன்பது வயது. என் கணவர் வரவில்லை. ஆனால் தஞ்சாவூரில் இருந்தபடியே வாட்ஸப் வழியாக எல்லாவற்றிலும் கலந்துகொண்டார்.

நான் பயந்த சுபாவம் என்று வீட்டில் ஒரு பேச்சு உண்டு. எனக்குக் காரணம் இருக்கிறது. மதுவுக்கு ஏழு வயதில் குளவி கொட்டியது. கால் மணி நேரத்தில் தொண்டை வீங்கி, மூச்சு விசில் அடித்தது. டாக்டர் ஊசி போட்டுக் காப்பாற்றினார். "இன்னும் பத்து நிமிஷம் தாமதிச்சிருந்தா..." என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அந்த வாக்கியத்தைப் பன்னிரண்டு வருஷமாக நான் விதவிதமாக முடித்துக்கொண்டிருக்கிறேன். கொட்டுவது, கடிப்பது, குத்துவது எதுவும் அவள் பக்கத்தில் வரக் கூடாது. ரோஜாச் செடிகூட எங்கள் வீட்டில் கிடையாது.

முதல் நாள் ஹட்டனில் ரயிலை விட்டு இறங்கினால், மேகம் எங்களுக்கு முன்பே வந்து நடைமேடையில் நின்றது. மதுவுக்கு இரண்டு ஸ்வெட்டரும் ஒரு குரங்குக் குல்லாவும் மாட்டினேன்.

"அம்மா, இந்த ஊர்லயே நான் மட்டுந்தான் குல்லா போட்டிருக்கேன்."

"அதான் மத்தவங்க எல்லாம் இருமுறாங்க."

மஸ்கெலியா பஸ்ஸில் பாட்டுச் சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. கண்டக்டர், "பின்னுக்குப் போங்க, பின்னுக்குப் போங்க" என்று தமிழிலும் சிங்களத்திலும் மாறி மாறிச் சொன்னார். எங்களுக்குப் பின்னால் பஸ் முடிந்துவிட்டது. அதற்கும் பின்னால் பள்ளத்தாக்குதான் இருந்தது. எங்கள் ஊரில் சாலை நேராகப் போகும், ஒரே தடவை மொத்தமாகப் பயந்துகொள்ளலாம். இங்கே ஒவ்வொரு வளைவுக்கும் தனித்தனியாகப் பயப்பட வேண்டியிருக்கிறது. முன் இருக்கையில் வெள்ளை உடுத்திய ஒரு சிங்களக் குடும்பம், சிவனொளிபாத மலை ஏறப் போகிறவர்கள், அவித்த சோளம் தின்றுகொண்டு வந்தார்கள். என் முகத்தைப் பார்த்துவிட்டு எனக்கும் ஒன்று கொடுத்தார்கள்.

செல்வி வீட்டில் இரவுச் சாப்பாடு தேங்காய் ரொட்டியும் கட்டச் சம்பலும். சம்பல் என்பது வெங்காயமும் மாசிக்கருவாடும் சேர்த்து இடித்த மிளகாய். முதல் வாய்க்கு எனக்கு ஊர் ஞாபகமே போய்விட்டது. பிறகு தேநீர் வந்தது, பால் இல்லாமல். கொஞ்சம் பால் கிடைக்குமா என்று கேட்டேன். டீமேக்கர் என்னைப் பார்த்த பார்வையில், நான் அதில் ரசம் ஊற்றச் சொல்லியிருந்தால்கூட அவ்வளவு வருத்தப்பட்டிருக்க மாட்டார் என்று தெரிந்தது.

"நல்லதெல்லாம் கப்பல் ஏறிடும் சித்தி," என்றாள் செல்வி. "நமக்குத் தூள்தான். பால் ஊத்துனாலும் ஒண்ணுதான், ஊத்தாட்டியும் ஒண்ணுதான். ஆனா இவரு மனசு தாங்காது."

அந்த வீட்டில் விட்டத்தில் ஃபேன் இல்லை. ஃபேன் மாட்டுவதற்குக் கொக்கிகூட இல்லை. அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டே தூங்கிப்போனேன்.

இரண்டாம் நாள் பெயர் சூட்டு. குழந்தைக்கு யாழிசை என்று பெயர். தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயங்களில் இருந்து பெண்கள் வந்து வீடு நிறைந்தது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் எங்கள் பக்கத்துக் கல்யாண வீடு போலவே இருந்தது. கொழுந்து பறிக்கிற காளியம்மா என்ற ஐம்பது வயதுக்காரி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நீங்க எந்த ஊருங்க?"

"தஞ்சாவூர்."

"எங்க தாத்தாவும் அந்தப் பக்கந்தான். முத்துசாமின்னு பேரு. தெரியுங்களா?"

"தெரியாதே."

"நல்லா ஒசரமா இருப்பாரு."

உயரத்தைச் சொன்ன பிறகும் எனக்கு அடையாளம் தெரியவில்லை என்பதில் அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம். பேச்சை மாற்றுவதற்காக, தோட்டத்தில் வேலை எப்படி என்று கேட்டேன். "வேலை கெடக்கட்டும்மா, மலையில குளவிதான் பெரிய தொல்லை. மரத்துல கூடு கட்டி இருக்கும். கலைஞ்சா ஆள வெரட்டி வெரட்டிக் கொட்டும்" என்றாள். அதன் பிறகு பாயசம் எனக்கு இறங்கவில்லை. அன்று மாலை முழுவதும் வீட்டைச் சுற்றி இருந்த மரங்களை ஒவ்வொன்றாக அண்ணாந்து பார்த்து வந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் நான் ஏதோ தொலைத்துவிட்டேன் என்று நினைத்து அவரும் கூட வந்து அண்ணாந்து பார்த்தார்.

அதனால்தான் மூன்றாம் நாள் காலையில் யோகராஜ், "இன்னைக்கு மலைக்குப் போய் கொழுந்து பறிக்கிறதப் பாப்பமா, இல்ல டேமுல மீன் புடிப்பமா?" என்று கேட்டபோது நான் யோசிக்கவே இல்லை. தண்ணீரில் குளவி இல்லை.

"முதலை?"

"இந்தக் குளிருக்கு முதலை வராது சித்தி."

"வேற என்னதான் இருக்கு?"

"திலாப்பியா."

எங்கள் ஊரில் ஜிலேபிக் கெண்டை என்கிறோமே, அதுதான். பெயரே இனிப்பாக இருக்கிறது. சம்மதித்தேன்.

நீர்த்தேக்கத்தின் கரை இறங்க இறங்க அழகாக இருந்தது. பழைய மஸ்கெலியா ஊரே இந்தத் தண்ணீருக்கு அடியில்தான் இருக்கிறதாம். தண்ணீர் வற்றினால் கோயில் தலை காட்டுமாம். யோகராஜ் மூங்கில் கம்பில் நரம்பு கட்டி, மண்புழு கோத்து, மது கையில் கொடுத்தார். முதல் ஒரு மணி நேரத்தில் இரண்டு திலாப்பியா. மது துள்ளினாள். நான் படம் எடுத்து அனுப்பினேன். என் கணவர் உடனே கட்டைவிரலை உயர்த்தினார்.

மூன்றாவதாக வந்தது வேறு ஏதோ. ஒரு சாண் நீளம். செதில் கிடையாது. கறுப்பும் செம்மண்ணும் கலந்த நிறம், அழுத்தி வைத்தது போன்ற தட்டைத் தலை, வாயைச் சுற்றி மீசை. சைக்கிள் டியூபுக்கு உயிர் வந்து மீசையும் முளைத்தால் அப்படித்தான் இருக்கும்.

"இது திலாப்பியா இல்ல," என்றார் யோகராஜ்.

"அது எனக்கே தெரியுது."

"மீசைய பாத்தா கெளுத்தி மாதிரி இருக்கு. ஆனா இந்தத் தண்ணியில நான் கெளுத்தி கண்டதில்ல. ஒருவேள..."

அந்த ஒருவேளை முடிவதற்குள் மது தூண்டில் முள்ளைக் கழற்றுவதற்காக மீனின் கழுத்தைப் பிடித்தாள். பிடித்த கையோடு அலறினாள்.

கட்டைவிரல் அடியில் இரண்டு சொட்டு ரத்தம். அவ்வளவுதான் கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் மது மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். முகம் வெளுத்துப்போய்விட்டது. "அம்மா, முழங்கை வரைக்கும் நெருப்பு வெச்ச மாதிரி ஏறுதும்மா." மகளுக்கு எப்போதும் கொண்டுபோகிற மாத்திரைப் பை, தண்ணீரில் குளவி இல்லை என்ற தைரியத்தில், மேலே செல்வி வீட்டில் கிடந்தது. எனக்குக் காதில் அந்தப் பழைய விசில் கேட்க ஆரம்பித்துவிட்டது. மதுவை வாயைத் திறக்கச் சொல்லித் தொண்டையைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. எதைப் பார்க்க வேண்டும் என்றும் தெரியவில்லை.

யோகராஜ் அந்த மீனைக் காலால் தண்ணீருக்குள் தள்ளப் போனார்.

"விடாதீங்க!" என்று கத்தினேன். "அதுவும் வரணும்!"

"எங்க சித்தி?"

"ஆஸ்பத்திரிக்கு!"

இதை நான் விளக்க வேண்டும். எங்கள் பக்கம் வயல்காட்டில் யாரையாவது பாம்பு கடித்தால், கடிபட்டவரை ஒருவர் தூக்கிக்கொண்டு ஓட, பாம்பை அடித்து மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு இன்னொருவர் பின்னால் ஓடுவார். என்ன பாம்பு என்று தெரியாமல் டாக்டர் என்ன மருந்து கொடுப்பார்? என் சித்தப்பா அப்படி ஒரு பையை டாக்டர் மேஜையில் வைத்து, அது முழுதாகச் சாகவில்லை என்பது அப்புறம்தான் தெரிந்து, டாக்டர் மேஜை மேல் ஏறிய கதை எங்கள் குடும்பத்தில் பிரசித்தம். அந்த ஞானம்தான் எனக்கு அன்று வந்தது. மீனைக் கொண்டுபோனால் அது என்ன மீன் என்று தெரியும். என்ன மீன் என்று தெரிந்தால் மகள் பிழைப்பாள்.

யோகராஜ் ஒரு கம்பால் அதைப் பெயின்ட் வாளிக்குள் உருட்டினார். குழம்பில் கிடந்தால் எந்த மீனையும் நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். உயிரோடு, முழுதாக, என்னை முறைத்துக்கொண்டிருக்கும் மீனை எனக்குத் தெரியாது. படம் எடுத்துக் கணவருக்கு அனுப்பினேன். மேட்டில் பாதி ஏறுவதற்குள் பதில் வந்தது: "இது விரால். விரால் குத்தாது. அதனால் மதுவுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. பயப்படாதே."

மது ஒரு கையால் என்னைப் பிடித்துக்கொண்டு, அழுதுகொண்டே ஏறினாள். வழியில் ஒரு தடவை வாந்தி எடுத்தாள். "மூச்சு விட முடியுதாடி?" என்று பத்து அடிக்கு ஒருமுறை கேட்டேன். "கேட்டுக்கிட்டே இருந்தா எப்படி விடறது?" என்றாள்.

பாதி மேட்டில் கொழுந்து நிறுக்கிற மடுவம் இருந்தது. பறித்த பெண்கள் நிறுத்துப் போட்டுவிட்டு, கேனில் வந்த பத்து மணித் தேத்தண்ணிக்காக உட்கார்ந்திருந்தார்கள். நேற்றுப் பாயசம் சாப்பிட்ட காளியம்மா எழுந்து ஓடி வந்தாள். முதலில் மதுவின் கையைப் பார்த்தாள். பிறகு வாளிக்குள் பார்த்தாள்.

"இது சுங்கான்மா."

"இங்க ஏது சுங்கான்?" என்றார் யோகராஜ். "அது கீழ் நாட்டுல குளத்துல, வயலுல இருக்கிறது. இது கெளுத்தி."

"நான் கல்யாணமான புதுசுல பொலன்னறுவையில வயல் வேலை செஞ்சவ ஐயா. என்னைய மூணு தடவ குத்தியிருக்கு. ஒங்கள எத்தன தடவ குத்தியிருக்கு?"

"ஒரு தடவயும் இல்ல."

"அப்ப சும்மா இருங்க."

தொழிற்சாலையில் எழுபது பேரை அதட்டுகிற டீமேக்கர் சும்மா இருந்தார்.

காளியம்மா ஒரு பெரிய ஜக்கில் தேத்தண்ணியை ஊற்றினாள். தன் விரலை விட்டுப் பார்த்து, கொஞ்சம் ஆற்றி, மறுபடி விட்டுப் பார்த்து, மதுவின் கையைப் பிடித்து உள்ளே இறக்கினாள். "பொறுக்கிற சூடுதான் புள்ள. எடுக்காத. எடுத்தின்னா மறுபடி ஏறும்." மற்ற பெண்கள் தங்கள் தேத்தண்ணி போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "சீனி போடாத தேத்தண்ணிதானே? போட்டிருந்தா ஈ மொய்க்கும்" என்றாள் ஒருத்தி. "ஒனக்கு எப்பவும் சீனி நெனப்புதான்" என்றாள் இன்னொருத்தி.

பத்து நிமிஷத்தில் மதுவின் விசும்பல் குறைந்தது. "வலி முழங்கையில இருந்து மணிக்கட்டுக்கு எறங்கிருச்சும்மா" என்றாள், பஸ் எங்கே வந்துகொண்டிருக்கிறது என்று சொல்வதுபோல. வலி இறங்கியது சரி. என் பயம் வலியைப் பற்றியது அல்லவே. அது தொண்டையைப் பற்றியது. கொழுந்து லொறி புறப்படத் தயாராக நின்றது. டவுனில் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிடச் சொன்னேன்.

முன்னால் டிரைவரும், ஜக்குக்குள் கையோடு மதுவும், அவள் கழுத்தைப் பார்த்தபடி நானும். பின்னால் கொழுந்துச் சாக்குகளின் மேல் யோகராஜும் காளியம்மாவும் மீனும். ஒவ்வொரு வளைவிலும் தேத்தண்ணி ஒரு அலை அடித்து என் சேலையில் விழுந்தது. மூன்றாவது வளைவில் பின்னால் தடாலென்று ஒரு சத்தம். பிறகு யோகராஜின் குரல்: "நிப்பாட்டு! நிப்பாட்டு!"

வாளி கவிழ்ந்துவிட்டது. மீனைக் காணவில்லை.

லொறியில் இருபது சாக்குப் பச்சைக் கொழுந்து. அதற்குள் எங்கேயோ ஒரு சாண் நீளத்துக்கு மீசையும் முள்ளும் உள்ள ஒன்று. யோகராஜ் தலையில் கை வைத்தார். "சித்தி, இது ஏற்றுமதிக் கொழுந்து. இது வெளிநாட்டுக்குப் போற சாமான்."

"வெலாங்கு மீன்தானே, அது தானா எறங்கிப் போயிரும் ஐயா," என்றார் டிரைவர். காலையிலிருந்து அந்த மீனுக்குக் கிடைத்த நான்காவது பெயர்.

நான் இறங்கி நின்று தவித்தேன். மீனுக்காக நின்றால் நேரம் போகும். மீன் இல்லாமல் போனால் டாக்டர் எந்த மருந்தைக் கொடுப்பார்? மது ஜன்னலில் தலையை நீட்டினாள். "அம்மா, நான் உயிரோடதான் இருக்கேன். தேடுங்க."

"எல்லாரும் வாய மூடுங்க," என்றாள் காளியம்மா. மூடினோம். லொறி எஞ்சினையும் டிரைவர் அணைத்தார். மலையே கொஞ்சம் அமைதியானது போல இருந்தது. வாய் கட்டாத ஒரு சாக்குக்குள் மட்டும் சரசரவென்று ஒரு சத்தம். காளியம்மா இடுப்பில் கட்டியிருந்த படங்கை அவிழ்த்தாள். கொழுந்து பறிக்கும்போது செடி கிழிக்காமல் இருக்கக் கட்டிக்கொள்கிற தடித்த சாக்குத் துணி அது. அதை நான்காக மடித்துச் சாக்குக்குள் கை விட்டு, இரண்டு விரலில் கொழுந்து கிள்ளுகிற அதே லாவகத்தோடு, மீனைத் தலைக்குப் பின்னால் அமுக்கி வெளியே எடுத்தாள்.

மீன் நெளிந்தது. வாளி கவிழ்ந்து நாங்கள் வாதாடித் தேடி முடிப்பதற்குள் முழுதாகக் கால் மணி நேரம் போயிருந்தது. அதுவரை ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

"பாத்தீங்களா ஐயா? கெளுத்தின்னா இந்நேரம் செத்து வெறச்சிருக்கும். இது காத்தக் குடிச்சுக்கிட்டுக் கெடக்குது. சுங்கான்."

 யோகராஜ் சாக்குக்குள் முகத்தைப் புதைத்து முகர்ந்துகொண்டிருந்தார். "உங்களுக்கு மணக்குதா சித்தி?" எனக்குப் பச்சை வாசனைதான் வந்தது. அவருக்கு மீன்தான் மணத்தது. அந்தச் சாக்கை அங்கேயே இறக்கிச் செடிக்கு உரமாகக் கொட்டச் சொன்னார். மற்ற சாக்குகள் எல்லாம் வாய் கட்டியிருந்தன என்று இன்றுவரை சத்தியம் செய்கிறார். இருக்கலாம். நான் அன்று சாக்குகளைப் பார்க்கும் நிலையில் இல்லை. புறப்படும்போது அவர் அன்போடு கொடுத்த அரைக் கிலோ பொட்டலத்தை நான் ஏன் பிரிக்கவில்லை என்பது இப்போது உங்களுக்கே புரிந்திருக்கும்.

காளியம்மா தொழிற்சாலைத் திருப்பத்தில் இறங்கிக்கொண்டாள். "கொழம்பு வெச்சா ருசியா இருக்கும்மா. ஆஸ்பத்திரியில குடுத்துட்டு வந்துறாதீங்க."

டவுன் ஆஸ்பத்திரியில் டாக்டர் இளைஞர், யாழ்ப்பாணத்துப் பிள்ளை. மதுவின் கையைத் தூக்கிப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"கை ஏன் இப்பிடி மண்ணிறமாக் கிடக்கு? எப்ப தொடக்கம்?"

 நானும் அப்போதுதான் பார்த்தேன். மணிக்கட்டு வரை பழுப்பு.

"டொக்டர், அது தேத்தண்ணி," என்றார் யோகராஜ்.

"என்னது?"

"நல்ல ஸ்ட்ரோங் தேத்தண்ணி டொக்டர்."

டாக்டர் பஞ்சால் துடைத்துப் பார்த்தார். பஞ்சு டீ நிறமானது.  பிறகு காயத்தைக் கழுவி, உள்ளே ஒடிந்து கிடந்த சிறு முள்ளை எடுத்து, தொண்டை, நெஞ்சு, ரத்த அழுத்தம் எல்லாம் பார்த்தார். ஒரு ஊசியும் போட்டார். குளவிக் கதையை நான் சொல்லச் சொல்ல, நடுவில் நிறுத்தாமல் கேட்டார். அதற்காகவே அவர் நன்றாக இருக்க வேண்டும்.

"பயப்பிடாதேங்கோ அம்மா. குளவிக்கும் மீனுக்கும் சொந்தம் ஒண்டும் இல்லை. ஆனாலும் பழைய கதை இருக்கிறபடியால், நாலு மணி வரைக்கும் பிள்ளை இஞ்ச இருக்கட்டும்."

"அப்போ மீன்?" என்றேன். வாளியை அவர் மேஜை மேல் வைத்தேன்.

டாக்டர் நாற்காலியை ஓரடி பின்னால் தள்ளினார். "மீனையும் கொண்டந்தனீங்களோ?"

"நீங்க பார்த்துத்தான மருந்து குடுக்கணும்?"

"எல்லா மீனுக்கும் மருந்து ஒண்டுதான் அம்மா. பொறுக்கிற சூட்டிலை சுடுதண்ணி. அதையும் நீங்கள் தேத்தண்ணியாக் குடுத்திட்டியள்."

இவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்த மீனுக்கு இங்கே வேலை இல்லை என்றதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. என் முகத்தைப் பார்த்தோ, அல்லது வெளியே நோயாளிகள் யாரும் இல்லாததாலோ, டாக்டர் வாளிக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு இன்னும் கொஞ்சம் எட்டிப் பார்த்தார். ஆஸ்பத்திரி உதவியாளர் சுமணதாச என்ற நரைமீசைக்காரர் ஒரு கண்ணாடி ஜாடியைக் கொண்டுவந்து, மீனை அதற்குள் மாற்றினார். வேலை இருந்த நர்ஸ் ஒருவரும் வேலை இல்லாத இருவரும் வந்து சேர்ந்துகொண்டார்கள்.

மீசையை எண்ணினோம். டாக்டருக்கு ஏழு வந்தது. யோகராஜுக்கு எட்டு. எனக்கு ஒன்பது. மீன் ஒரு நொடி சும்மா நின்றால்தானே.

"மீசை சோடி சோடியாத்தான் வரும் அம்மா. ஒற்றையா வராது," என்றார் டாக்டர். "என்னுடைய ஏழும் பிழை."

"அப்ப எட்டு," என்றார் யோகராஜ். அன்று அவருக்குக் கிடைத்த ஒரே வெற்றி.

ஆனால் எட்டு மீசை கெளுத்திக்கும் உண்டாம். அடுத்தது முதுகு. டாக்டர் போனில் ஏதோ தேடிப் படித்துவிட்டு ஜாடியைச் சுற்றிச் சுற்றி வந்தார். கெளுத்தியாக இருந்தால் முதுகில் வால் பக்கமாக இரண்டாவது செட்டை, அதாவது துடுப்பு, ஒன்று சதையாக இருக்கும். இதற்கு இல்லை. ஜாடிக்கு மாற்றும்போதே சுமணதாச சிங்களத்தில் சொன்ன மகுரா என்ற மீனாக இருந்தால் தலையிலிருந்து வால்வரை முதுகு முழுக்கச் செட்டை ஓடும். அதுவும் இல்லை. இதன் முதுகில் இருந்தது நகம் அளவுக்கு ஒரே ஒரு குட்டிச் செட்டை. வயிற்றுப் பக்கம் மட்டும் சேலைக் கரைபோல நீளமாக ஒன்று ஓடியது. அப்போது மீன் மேலே வந்து ஒரு வாய் காற்றைக் குடித்துவிட்டுப் போனது.

"ஹுங்கா," என்றார் சுமணதாச, தன் மகுராவைக் கைவிட்டு.

"ஓம், சுங்கான்தான்," என்றார் டாக்டர். அவர் போனில் இருந்த படத்தை என்னிடம் காட்டினார். படத்துக்குக் கீழே இந்தியப் பெயர்களின் வரிசையில் தமிழில் ஒன்று இருந்தது: தேளி.

தேளி! எங்கள் ஊர்ச் சந்தையில் வாராவாரம் அலுமினியக் குண்டானில் உயிரோடு நெளிகிற தேளி! மீன்காரம்மா அதன் முள்ளை ஒடித்துவிட்டுத்தான் தருவாள். எதற்கு ஒடிக்கிறாய் என்று ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை. கணவருக்குச் செய்தி அனுப்பினேன். "நான் அப்பவே நினைச்சேன்" என்று பதில் வந்தது.

கீழ் நாட்டுத் தேளி இந்தக் குளிர் மலையில் ஏறியது எப்படி என்பதைச் சுமணதாசதான் சொன்னார். சிங்களத்தில் சொன்னதை யோகராஜ் தமிழாக்கினார். சிவனொளிபாத மலைக்குப் போகிற சிலர், புண்ணியத்துக்காகக் கீழே சந்தையில் உயிரோடு இருக்கிற மீனை வாங்கி வந்து, வழியில் தண்ணீர் கண்ட இடத்தில் விடுவார்களாம். இரண்டு தடவை அவரே பார்த்திருக்கிறாராம். "வெட்டுக் கத்தியில இருந்து தப்புச்சுது. ஆனா இந்தக் குளிர் தாங்காது, பாவம். கோவத்துல குத்தியிருக்கும்னு சொல்றாரு."

நாலு மணிவரை மது தூங்கினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று தடவை எழுப்பி வாயைத் திறக்கச் சொன்னேன். நான்காவது தடவை, "இனிமே திறக்க மாட்டேன்" என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். டாக்டர் கடைசியாக வந்து பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லி ஒரு அட்டை எழுதிக் கொடுத்தார். ஆவலோடு வாங்கிப் படித்தேன். என்ன ஆனது என்ற இடத்தில், இத்தனை ஆராய்ச்சிக்கும் பிறகு, "மீன் குத்தியது" என்று மட்டும் இருந்தது.

மீனை என்ன செய்வது என்று கேள்வி வந்தது. காளியம்மாவின் குழம்பை நான் சொன்னேன். மது வேண்டாம் என்று தலையாட்டினாள். சுமணதாசவுக்கு அன்று மாலையோடு வேலை முடிந்து இரண்டு நாள் விடுமுறை. அவருடைய ஊர் அவிசாவளைக்குப் பக்கம், வெயில் ஊர், வீட்டுக்குப் பின்னால் வயலும் ஓடையும் உண்டாம். பஸ்ஸில் கொண்டுபோய் அங்கே விடுகிறேன் என்றார். வாளியில் தண்ணீர் ஊற்றி, ஜாடியிலிருந்த மீனை அதில் விட்டு, ஒரு மூடியை அழுத்தி, புறப்பட்டுவிட்டார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. பின்னாலேயே படியிறங்கி ஓடினேன். யோகராஜ் மொழிபெயர்க்க என் பின்னால் ஓடி வந்தார்.

"மூடியில ஓட்டை போட்டிருக்கான்னு கேளுங்க."

போட்டிருக்கிறதாம்.

"வளைவுல வாளிய மடியில வெச்சுக்கச் சொல்லுங்க. ஜன்னல் ஓரம் வேண்டாம், குளிர்க்காத்து அடிக்கும். காலையில இருந்து அது ஒண்ணும் சாப்பிடலை. எறக்கி விடும்போது கையால தொட வேண்டாம்."

எல்லாவற்றையும் யோகராஜ் சொன்னார். சுமணதாச ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

"போய்ச் சேர்ந்ததும் ஒரு மெசேஜ் போடச் சொல்லுங்க."

யோகராஜ் மொழிபெயர்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"சொல்லுங்க."

சொன்னார். சுமணதாச வாளியைக் கீழே வைத்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, மிக மரியாதையாக, உள்ளங்கையில் என் நம்பரை எழுதிக்கொண்டார்.

எனக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டுத் திரும்பினேன். கையில் கட்டோடு மது படியில் நின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நிறுத்தப் பார்த்து, முடியாமல், தலையைப் பின்னால் சாய்த்து, வாயை அகலத் திறந்து, உள்நாக்கு தெரியச் சிரித்தாள். நல்ல வெளிச்சம் இருந்தது.

வீக்கம் இல்லை. பார்த்துக்கொண்டேன்.